பிஹேவ் பண்ணத் தெரியும், பிஹேவ்ங்கிற வார்த்தைய வைக்கத் தெரியுமா? முழு வழிகாட்டி

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில வடநாட்டு டூரிஸ்ட்கிட்ட பேசுற ஆட்டோக்கார அண்ணன்ல ஆரம்பிச்சு, கீழக்கரையில துபாய் வேலைக்கு இன்டர்வியூ ரெடி பண்ற தம்பி வரைக்கும் எல்லார் வாயிலயும் சரளமா வர்ற வார்த்தை பிஹேவ். அர்த்தம் யாருக்கும் சொல்லித்தர வேணாம், நடந்துக்கிறது, அவ்ளோதான். ஆனா அத ஒரு வாக்கியத்துக்குள்ள உக்கார வைக்கும்போது "ஹி பிஹேவ்டு மீ பேட்லி", "வொய் யூ ஆர் பிஹேவிங் லைக் திஸ்", "பிஹேவ் குட்"னு சறுக்கிடுது. இந்த மூணுமே தப்பு. ஏன் தப்புன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் ரூல் எதையும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. இங்கிலீஷ் வாக்கியத்தையெல்லாம் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், வாய்விட்டு படிங்க, கண்ணால ஓட்டிட்டுப் போனா ஒட்டாது.

மொதல்ல சத்தமும் எழுத்தும்

எழுத்து பி, ஈ, எச், ஏ, வி, ஈ. கடைசி நாலு எழுத்து "ஐ ஹாவ் எ போட்"னு சொல்லும்போது வர்ற அதே நாலு எழுத்துதான், அதப் பாத்து சில பேரு பிஹாவ்னு படிச்சிடுறாங்க. அப்படி இல்ல. சேவ், ஷேவ்னு சொல்றோம்ல, அந்த ஏவ்தான் இங்கயும். அழுத்தம் ரெண்டாவது பாகத்துல விழணும், பி-ஹேவ். பிகேவ்னு க போட்டு சொல்றதும் நம்ம பக்கம் நிறைய, அந்த ஹ-வ கொஞ்சம் மூச்சு விட்டு சொல்லிப் பழகிட்டா போதும்.

உருவம் நாலுதான். பிஹேவ், பிஹேவ்ஸ், பிஹேவ்டு, பிஹேவிங். இங் சேரும்போது கடைசி ஈ போயிடும். நடந்து முடிஞ்சதுக்கு பிஹேவ்டு, ஹாவ், ஹாட் கூட வந்தாலும் அதே பிஹேவ்டுதான், கோ-வென்ட்-கான் மாதிரி குழப்பமெல்லாம் கிடையாது.

யாரைன்னு கேக்காதீங்க, எப்படின்னு கேளுங்க

இந்த வார்த்தையோட உயிரே இந்த இடத்துலதான் இருக்கு, அதனால இங்க கொஞ்சம் நின்னு போவோம்.

பிஹேவ்னு சொல்லி முடிச்ச உடனே இங்கிலீஷ் காதுக்கு அடுத்து வேண்டியது "எப்படி?"ங்கிற கேள்விக்கான பதில். "யாரை?"ங்கிற கேள்விக்கு பதிலே கிடையாது, ஏன்னா இது யாரையும் பிடிச்சு செய்யிற வேலை இல்ல. நம்ம தமிழ்லயும் அப்படித்தான இருக்கு. "அவன் என்கிட்ட மோசமா நடந்துக்கிட்டான்"னு சொல்லுவோம், "அவன் என்னை மோசமா நடந்துக்கிட்டான்"னு யாராச்சும் சொல்லுவாங்களா? "என்னை"ன்னு வரணும்னா வினையே மாறி "என்னை மோசமா நடத்தினான்"னு ஆகிடுதுல்ல, இங்கிலீஷ்லயும் அந்த இடத்துல வேற வார்த்தை வந்து உக்காந்துக்கும், அதுதான் ட்ரீட்.

"ஹி பிஹேவ்டு பேட்லி டுவர்ட்ஸ் மீ" அப்படின்னா என்கிட்ட மோசமா நடந்துக்கிட்டான். "ஹி ட்ரீட்டட் மீ பேட்லி" அப்படின்னா என்னை மோசமா நடத்தினான். நடந்துக்கிட்டான் வந்தா பிஹேவ், நடத்தினான் வந்தா ட்ரீட். "ஐ வாஸ் பிஹேவ்டு பேட்லி"ன்னு ஒரு வாக்கியம் இங்கிலீஷ்லயே கிடையாது, "ஐ வாஸ் ட்ரீட்டட் பேட்லி"தான்.

இப்ப "எப்படி"க்கு வருவோம். வெல், பேட்லி, பொலைட்லி, ரூட்லி, ஸ்ட்ரேஞ்ச்லி, நார்மலி, ரெஸ்பான்சிப்லி, இந்த மாதிரி பெரும்பாலும் லி-ன்னு முடியிற வார்த்தைங்க. குட்டுக்கு மட்டும் லி கிடையாது, வெல்னு ஆகிடும்.

"த பில்க்ரிம்ஸ் பிஹேவ்டு வெல் இன் த க்யூ." கோயில்ல 22 தீர்த்தமும் ஆடுற க்யூவுல நிக்கிற யாத்ரீகர்கள் ஒழுங்கா நடந்துக்கிட்டாங்க.

"த க்ரூ பிஹேவ்டு ரெஸ்பான்சிப்லி டியூரிங் த ஸ்டார்ம்." புயல் நேரத்துல போட்டுல இருந்த ஆளுங்க பொறுப்பா நடந்துக்கிட்டாங்க.

இதுல ஒரு குழி இருக்கு. ஃப்ரெண்ட்லி, சில்லி, இதெல்லாம் லி-ன்னு முடிஞ்சாலும் "எப்படி"க்கு பதில் சொல்ற வார்த்தை இல்ல, "எப்பேர்ப்பட்ட"வுக்கு பதில் சொல்றது. அதனால "ஹி பிஹேவ்டு ஃப்ரெண்ட்லி" வராது, "ஹி பிஹேவ்டு இன் எ ஃப்ரெண்ட்லி வே"னு சுத்திப் போகணும். சுத்தறது கஷ்டமா இருந்தா "ஹி வாஸ் ஃப்ரெண்ட்லி"ன்னு முடிச்சிடுங்க, அதுதான் அழகும் கூட.

யாருகிட்டங்கிறது எங்க வரும்

டுவர்ட்ஸ். "பிஹேவ்டு பொலைட்லி டுவர்ட்ஸ் அஸ்". ரூட்லி வந்தா "டு மீ"னும் சொல்லலாம்.

நம்ம ஊர்ல எல்லாரும் சொல்றது வித், "பிஹேவ்டு பேட்லி வித் மீ"ன்னு. இந்தியா பூரா இப்படித்தான் பேசுறாங்க, பேப்பர்லயும் இப்படித்தான் வருது, அதனால பேச்சுல வந்தா யாரும் உங்கள பிடிச்சுக்க மாட்டாங்க, புரியாமலும் போகாது. எழுத்துல, அதுவும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு மெயில் போடும்போது, டுவர்ட்ஸ்தான் பாதுகாப்பு. வித்-க்கு வேற ஒரு நல்ல வேலை இருக்கு, ஒரு குணத்தோட சேரும். "பிஹேவ்டு வித் டிக்னிட்டி", கண்ணியத்தோட நடந்துக்கிட்டாங்க. "பிஹேவ்டு வித் கிரேட் கரேஜ்", ரொம்ப தைரியமா நடந்துக்கிட்டாங்க. ஆளுக்கு டுவர்ட்ஸ், குணத்துக்கு வித்.

வரிசையில குழப்பம் வருதா, அப்ப இத செய்யிங்க. தமிழ் வாக்கியத்த எழுதிட்டு கடைசியில இருந்து பின்னோக்கி வாங்க. "அவரு நேத்து மண்டபத்துல என்கிட்ட மரியாதையா நடந்துக்கிட்டாரு." மண்டபம் இங்க ஊர் பேரு. அவர மட்டும் மொதல்ல எடுத்து வச்சிடுங்க, மிச்சத்த தலைகீழா படிங்க: நடந்துக்கிட்டாரு, மரியாதையா, என்கிட்ட, மண்டபத்துல, நேத்து. "ஹி பிஹேவ்டு ரெஸ்பெக்ட்ஃபுலி டுவர்ட்ஸ் மீ இன் மண்டபம் எஸ்டர்டே." அப்படியே வந்து விழுது பாருங்க. எல்லா இங்கிலீஷ் வாக்கியத்துக்கும் இந்த வித்தை செல்லாது, பிஹேவுக்கு நல்லாவே செல்லும்.

மாதிரி, போல

ஒரு பேர்ச்சொல் மட்டும் வந்தா லைக். "டோன்ட் பிஹேவ் லைக் எ சைல்ட்", சின்னப் புள்ள மாதிரி நடந்துக்காத. பின்னாடி முழு வாக்கியமே வந்தா ஆஸ் இஃப். "ஹி பிஹேவ்ஸ் ஆஸ் இஃப் ஹி ஓன்ஸ் த ஹோல் ஜெட்டி", படகுத்துறை பூரா அவன் அப்பன் வீட்டு சொத்து மாதிரி நடந்துக்கிறான். பேச்சுல அங்கயும் லைக் போட்டு "லைக் ஹி ஓன்ஸ்"னு இங்கிலீஷ்காரங்களே சொல்றாங்க, பரீட்சையில மட்டும் ஆஸ் இஃப் போட்டுட்டா மார்க் போகாது.

தனியா நிக்கிற பிஹேவ், அப்புறம் யுவர்செல்ஃப்

எப்படின்னு ஒண்ணுமே சொல்லாம "த சில்ட்ரன் பிஹேவ்டு"ன்னு நிறுத்தினா ஒழுங்கா நடந்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். நம்மாளுங்க "நடந்துக்கத் தெரியாது அவனுக்கு"ன்னு சொன்னாலே நல்லபடியா நடந்துக்கத் தெரியாதுன்னு புரிஞ்சுக்கிறோம்ல, அந்த மாதிரி. "ஹி டஸ்ன்ட் நோ ஹவ் டு பிஹேவ்."

இதுக்கு அப்புறம் ஒரே ஒரு ஆள் மட்டும் நேரா வந்து உக்காரலாம், அது நடந்துக்கிற அதே ஆளு. பிஹேவ் யுவர்செல்ஃப். நடந்துக்கோ-ல இருக்கிற அந்த "க்கோ"தான் இங்க செல்ஃபா வருது. ஒருத்தர்னா யுவர்செல்ஃப், பல பேர்னா யுவர்செல்வ்ஸ், அவன்னா ஹிம்செல்ஃப், அவள்னா ஹர்செல்ஃப், அவங்கன்னா தெம்செல்வ்ஸ். க்ளாஸ் பூராவையும் பாத்து "பிஹேவ் யுவர்செல்ஃப்"னு சொன்னா இலக்கணப்படி ஒரே ஒரு புள்ளைக்குத்தான் திட்டு விழுது.

இலக்கணத்த விட முக்கியம் யாருகிட்ட சொல்றோம்ங்கிறது. கீழே வர்றது ரெண்டு பேரு பேசிக்கிற மாதிரி நானே எழுதினது, லாட்ஜ் ரிசப்ஷன்ல புதுசா சேந்த பையனும் அங்க ரொம்ப நாளா இருக்கிற அண்ணனும்.

"அண்ணே, மூணாவது மாடியில ஒரே சத்தம்ணே. போய் ப்ளீஸ் பிஹேவ் யுவர்செல்ஃப்னு சொல்லிட்டு வரவா?"

"சொல்லிட்டு வா தம்பி, அப்புறம் சண்டைய விலக்க நான் வரணும்."

"ப்ளீஸ் போட்டுதானண்ணே சொல்றேன்?"

"ஏன்டா, ஒரு பெரிய மனுசன்கிட்ட போயி தயவுசெஞ்சு ஒழுங்கா நடந்துக்கடான்னு சொன்னா அவரு சும்மா விடுவாரா? ப்ளீஸ் போட்டா மட்டும் டா போயிருமா?"

அண்ணன் சொல்றதுதான் விஷயம். தமிழ்ல "கொஞ்சம் பாத்து நடந்துக்கங்க சார்"னு ஒரு ங்க-வ வச்சே சூட்ட குறைச்சிடலாம், இங்கிலீஷ்ல அந்த ங்க கிடையாது. பிஹேவ் யுவர்செல்ஃப் குழந்தைக்கு சொல்றது, இல்லன்னா ரொம்ப நெருங்கின ஃப்ரெண்ட கிண்டல் பண்ண சொல்றது. முன்னபின்ன தெரியாத பெரியவங்ககிட்ட சொன்னா அது சண்டைக்கு அழைப்பு. அதுக்கு பதிலா அவங்க நடத்தைய பத்தி பேசாம அந்த ஒரு செயல மட்டும் சொல்லுங்க. "சார், குட் யூ ப்ளீஸ் கீப் த நாய்ஸ் டவுன்? அதர் கெஸ்ட்ஸ் ஆர் ஸ்லீப்பிங்." சார், கொஞ்சம் சத்தத்த குறைக்கிறீங்களா, மத்தவங்க தூங்குறாங்க. ஆட்டோல கால நீட்டி வெளிய விட்டுட்டு வர்றவங்ககிட்டயும் அதேதான், "ப்ளீஸ் கீப் யுவர் லெக்ஸ் இன்சைட், மேடம்"னு முடிச்சிடலாம், பிஹேவுக்கு அங்க வேலையே இல்ல.

மிஸ்பிஹேவ்: இத பாத்து தொடுங்க

முன்னாடி ஒரு மிஸ் சேந்தா முறைகேடா நடந்துக்கிறது. இதுவும் யாரையும் நேரா பிடிக்காது, "மிஸ்பிஹேவ்டு மீ" வராது. ஆனா பிரச்சனை இலக்கணத்துல இல்ல.

நம்ம நாட்டுப் பேப்பர்ல "மிஸ்பிஹேவ்டு வித் எ உமன்"னு வந்தா அது சாதாரண மரியாதைக்குறைவ சொல்றதில்ல, பெரும்பாலும் பொண்ணுங்ககிட்ட தப்பா நடந்துக்கிட்டதைத்தான் மூடி மறைச்சு சொல்றாங்க. இங்கிலாந்துலயோ அமெரிக்காவுலயோ மிஸ்பிஹேவ்னா மொதல்ல மனசுக்கு வர்றது சேட்டை பண்ற குழந்தை. ஒரே வார்த்தை, ஒரு பக்கம் குற்றம், இன்னொரு பக்கம் குறும்பு. கல்ஃப்ல வேலை பாக்குற தம்பி ஒருத்தன் சூப்பர்வைசர் கத்தினார்ங்கிறத "மை சூப்பர்வைசர் மிஸ்பிஹேவ்டு வித் மீ"ன்னு எழுதினா, இந்திய மேனேஜர் படிச்சா பதறிப்போவாரு, வெள்ளைக்கார மேனேஜர் படிச்சா ஏதோ சின்ன விஷயம்னு விட்டுடுவாரு. நடந்தது ரெண்டும் இல்ல.

அதனால புகார் எழுதும்போது இந்த வார்த்தைய நம்பாதீங்க. என்ன நடந்துச்சோ அத எழுதுங்க. "ஹி ஷவுட்டட் அட் மீ இன் ஃப்ரண்ட் ஆஃப் அதர்ஸ்", எல்லார் முன்னாடியும் என்னப் பாத்து கத்தினார். "ஹி ரெஃப்யூஸ்டு டு கிவ் மீ எ ரிசீட்", ரசீது தர மாட்டேன்னுட்டார். "ஹி பிளாக்டு மை வே", வழிய மறிச்சார். "ஹி டச்டு மீ வித்அவுட் மை கன்சென்ட்", என் சம்மதம் இல்லாம தொட்டார். கடைசியா சொன்ன மாதிரி நடந்திருந்தா அதுக்கு மிஸ்பிஹேவ்னு போடவே போடாதீங்க, விஷயத்தோட கனத்த அது பாதியா குறைச்சிடும்.

கேள்வியும் இல்லைங்கிறதும்

டிட் வந்துட்டா பிஹேவ்டு கிடையாது, டிட்டே இறந்தகாலத்த தூக்கிட்டுப் போயிடும். "ஹி டிடன்ட் பிஹேவ் வெல்." "ஹவ் டிட் ஹி பிஹேவ்?"

"வொய் ஆர் யூ பிஹேவிங் லைக் திஸ்?" இதுல ஆர் முன்னாடி, யூ பின்னாடி. நம்ம வாயில "வொய் யூ ஆர்"னு வர்றதுக்கு ஒரு காரணம், "டெல் மீ வொய் யூ ஆர் பிஹேவிங் லைக் திஸ்"னு சொன்னா அங்க அது சரி! டெல் மீ, ஐ டோன்ட் நோ, இந்த மாதிரி ஒரு தலைப்பு முன்னாடி நின்னா கேள்வி சாதா வாக்கியம் மாதிரி நேரா நிக்கும், தலைப்பு இல்லாம மொட்டையா கேட்டா திருப்பிப் போடணும். "டெல் மீ ஹவ் ஹி பிஹேவ்டு" சரி, மொட்டையா "ஹவ் ஹி பிஹேவ்டு?" தப்பு.

காலத்துல ஒண்ணே ஒண்ணு. "ஹி பிஹேவ்ஸ் ரூட்லி"ன்னா அவன் பொறவியே அப்படித்தான்னு அர்த்தம், "ஹி இஸ் பிஹேவிங் ரூட்லி"ன்னா இப்போதைக்கு அப்படி இருக்கான். மாப்பிள்ளை பத்தி விசாரிக்க ஃபோன் வந்தா எதச் சொல்றீங்கன்னு யோசிச்சு சொல்லுங்க, ஒரு கல்யாணம் நின்னுடும்.

கடலும் இன்ஜினும் கூட பிஹேவ் பண்ணும்

இது நிறைய பேருக்குத் தெரியாது, கிராமர் புக்குல பெரும்பாலும் மனுசன வச்சுத்தான் உதாரணம் இருக்கும். இங்கிலீஷ்ல உயிரில்லாத சாமானுக்கும் இத போடலாம், ஒழுக்கம்ங்கிற அர்த்தத்துல இல்ல, எப்படி இயங்குதுங்கிற அர்த்தத்துல. நம்ம கரைக்கு இது எவ்ளோ தோதான வார்த்தைன்னு பாருங்க.

"த இன்ஜின் ஹாஸ் பீன் பிஹேவிங் ஸ்ட்ரேஞ்ச்லி சின்ஸ் மார்னிங்." காலையில இருந்து இன்ஜின் ஒரு மாதிரியாவே ஓடுது. மெக்கானிக்குக்கு ஃபோன்ல சொல்ல இதவிட சரியான வாக்கியம் கிடைக்காது.

"த சீ பிஹேவ்ஸ் டிஃபரன்ட்லி ஆன் ஈச் சைட் ஆஃப் த ஐலண்ட்." ராமேஸ்வரம் தீவுக்கு வடக்க பாக் ஜலசந்திப் பக்கம், தெற்க மன்னார் வளைகுடா. வடக்குப் பக்கத்த பெண் கடல்னும் தெற்குப் பக்கத்த ஆண் கடல்னும் சொல்லுவாக நம்ம பெரியவுக. வாடைக்காத்து மாசத்துல வடக்கு பக்கம் கொந்தளிக்கும், தென்மேற்குக் காத்து வீசுற மாசத்துல தெற்குப் பக்கம் ஆடும். இவ்ளோ விஷயத்தையும் டூரிஸ்டுக்கு சொல்ல மேல உள்ள ஒரு வரி ஆரம்பமா போதும், பின்னாடி "த நார்த் சைட் இஸ் ரஃப் டியூரிங் த நார்த்ஈஸ்ட் மான்சூன்"னு சேத்துக்கோங்க.

"த கரன்ட்ஸ் நியர் அரிச்சல்முனை பிஹேவ் அன்ப்ரெடிக்டப்லி. ப்ளீஸ் டோன்ட் ஸ்விம் ஹியர்." தனுஷ்கோடிக் கோடியில இருக்கிற அரிச்சல்முனைப் பக்கம் நீரோட்டம் எப்ப எப்படி மாறும்னு சொல்ல முடியாது, இங்க நீந்தாதீங்க. தனுஷ்கோடிக்கு ஆள் கூட்டிட்டுப் போற ஓட்டுநருங்க இந்த ரெண்டு வரியையாவது மனசுல வச்சுக்கலாம். கரன்ட்ஸ் பன்மை, அதனால பிஹேவ்ஸ் இல்ல, பிஹேவ்.

பாம்பன் பாலத்துக்கும் வரும். 1914-ல திறந்த பழைய ரயில் பாலத்துல கப்பல் போக ரெண்டு இறக்கையும் மேல தூக்கி வழி விட்டுச்சு, 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே நேரா மேல ஏறுது. இதப் பாக்க வர்ற இன்ஜினியரிங் ஸ்டூடன்ட் கேக்குற கேள்வி, "ஹவ் டஸ் த பிரிட்ஜ் பிஹேவ் இன் ஹை விண்ட்ஸ்?" பலத்த காத்துல பாலம் எப்படி தாங்குது. "ஸ்டீல் பிஹேவ்ஸ் டிஃபரன்ட்லி இன் சால்ட்டி ஏர்", உப்புக் காத்துல இரும்போட போக்கே வேற.

பிஹேவ்யர், காண்டக்ட், வெல்-பிஹேவ்டு

பேர்ச்சொல் பிஹேவ்யர். வினைக்கு வெல் போட்டோம், பேர்ச்சொல்லுக்கு குட் போடணும். "ஹி பிஹேவ்டு வெல்", "ஹிஸ் பிஹேவ்யர் வாஸ் குட்". இத எண்ண முடியாது, அதனால "எ குட் பிஹேவ்யர்"னு முன்னாடி எ போடக்கூடாது. ஆராய்ச்சிக் கட்டுரையில மட்டும் பிஹேவ்யர்ஸ்னு பன்மை பாப்பீங்க. அங்கயும் ஒருமையில வரும், "த ஃபீடிங் பிஹேவ்யர் ஆஃப் டுகாங்ஸ்"னா ஆவுளியாங்கிற கடல்பசு கடல்புல்ல எப்படி மேயுதுங்கிறது. ஸ்பெல்லிங்ல பிரிட்டிஷ்காரங்க ஓ-க்கு அப்புறம் யூ போடுவாங்க, அமெரிக்காவுல போட மாட்டாங்க, நம்ம பாடப்புத்தகத்துல யூ உண்டு.

டி.சி.-ல "காண்டக்ட் அண்ட் கேரக்டர்: குட்"னு எழுதித் தர்றாங்கல்ல, அந்த காண்டக்டும் நடத்தைதான், கொஞ்சம் கோட்டு போட்ட வார்த்தை. வினையா வந்தா அழுத்தம் பின்னாடி போயி கண்டக்ட்னு ஆகும், செல்ஃபும் கூடவே வரணும். "ஷி கண்டக்டட் ஹர்செல்ஃப் வித் டிக்னிட்டி." சிபாரிசுக் கடிதத்துக்கு நல்லா இருக்கும், டீக்கடையில சொன்னா திரும்பிப் பாப்பாங்க.

வெல்-பிஹேவ்டு ஒட்டுச்சொல். "தே ஆர் வெல்-பிஹேவ்டு சில்ட்ரன்", ஒழுக்கமான பிள்ளைங்க. வெல் முன்னாடி வந்தா ஆளோட குணம், பின்னாடி வந்தா அன்னைக்கு நடந்துக்கிட்ட விதம்.

இன்டர்வியூவுல

கஸ்டமர் கத்தினா எப்படி நடந்துக்குவன்னு கேப்பாங்க. "ஐ வில் பிஹேவ் வெல்"னு பதில் சொன்னா இலக்கணம் சரி, ஆனா ஸ்கூல் புள்ள ஹெட்மாஸ்டர்கிட்ட சத்தியம் பண்ற மாதிரி இருக்கும். பிஹேவ் அடுத்தவங்கள பத்தி சொல்ல நல்ல வார்த்தை, நம்மள பத்தி சொல்ல அவ்ளோ எடுக்காது. என்ன செய்வீங்களோ அத சொல்லுங்க: "ஐ வுட் ஸ்டே காம், லிசன் டு ஹிம் ஃபர்ஸ்ட், அண்ட் தென் எக்ஸ்ப்ளெய்ன் வாட் வீ கேன் டூ."

"டெல் மீ அபவுட் எ டைம் வென்"னு ஆரம்பிச்சு கேட்டா அதுக்குப் பேரே பிஹேவ்யரல் கொஸ்டின். நீங்க முன்னாடி ஒரு சிக்கல்ல எப்படி நடந்துக்கிட்டீங்கன்னு வச்சு இனிமே எப்படி நடந்துக்குவீங்கன்னு கணக்கு போடுறாங்க. இதுக்கு ஆபீஸ் அனுபவம்தான் வேணும்னு இல்ல. அப்பாவோட போட்டுல போனவன் தாராளமா இத சொல்லலாம்: "அவர் இன்ஜின் ஸ்டாப்டு அட் சீ. த அதர்ஸ் பிகேம் நெர்வஸ். ஐ செக்டு த ஃப்யூயல் லைன், க்ளீன்டு த ஃபில்டர் அண்ட் கெப்ட் டாக்கிங் டு தெம் அன்டில் இட் ஸ்டார்டட் அகெய்ன்." கடல்ல இன்ஜின் நின்னுடுச்சு, மத்தவங்க பதறிட்டாங்க, நான் டீசல் லைனப் பாத்து ஃபில்டரக் கழுவி, மறுபடி ஸ்டார்ட் ஆகுற வரைக்கும் அவங்ககிட்ட பேச்சு குடுத்துக்கிட்டே இருந்தேன். இதுல பிஹேவ்ங்கிற வார்த்தை ஒரு இடத்துல கூட இல்ல, தேவையும் இல்ல.